செத்தவர் ஐடி

“அண்ணாச்சி, செத்துப்போனவரு தெனம் ஒண்ணேகால் மணிக்கு நம்ம ஆபீஸுக்கு வந்துகினு இருக்காரு!”

அன்பரசன் சொன்னதும் மாசானம் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். ராயபுரத்தில் கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போட்டுக் கொடுக்கும் கம்பெனி அவருடையது.

“யாருல?”

“நம்ம மேனேஜர் வரதன் சாரு. ஆனியில போய்ச் சேந்தாரு, இது மாசி. அவர் ஐடி மட்டும் இன்னும் டூட்டி பாக்குது. யாரோ அவர் பாஸ்வேர்டைப் போட்டு சர்வருக்குள்ள பூந்துகினு இருக்காங்க.”

அந்த ஆபீஸில் சர்வருக்கு அன்பரசன்தான் ராஜா. யாருக்கு ஐடி, யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம். மாசா மாசம் பாஸ்வேர்டு மாற்றியாக வேண்டும். அவன் கேட்கிற நீளத்துக்கு ஒரு பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள், துறைமுகத்தில் நின்ற கப்பல் கொழும்பைத் தாண்டிவிடும்.

“ஆளு போயி எட்டு மாசமாச்சே, அவரு ஐடிய நீ மூடலியா?”

மறந்துவிட்டான். அதுதான் நிஜம். ஆனால் ராஜா மறக்கலாமா?

“அது பொறி அண்ணாச்சி. வேணும்னேதான் தொறந்து வெச்சேன், எலி மாட்டும்னு.”

“கெட்டிக்காரப் பயதாம்ல நீ!”

அன்பரசன் கை வாட்சைத் தடவிக்கொண்டான். அண்ணாச்சி கட்டிவிட்ட வாட்ச். டிசம்பர் புயலில் ஆபீஸுக்குள் தண்ணீர் புகுந்து, அண்ணாச்சி மேஜை மேல் கெளுத்தி மீனே நீந்தியது. சர்வர் மூழ்கிப் போனது. மாடியில் இருந்த பேக்கப் பெட்டியிலிருந்து ஒரு பைல் குறையாமல் அன்பரசன் மீட்டுக் கொடுத்தான். அதற்குப் பரிசு.

மணி ஒண்ணேகால். எல்லோரும் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்பரசன் அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு பூனை நடை நடந்து ஹாலுக்குள் வந்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஒரு ஆள். டைப்பிஸ்ட் ஹில்டா. பக்கத்தில் திறக்காத சாப்பாட்டு டப்பா. திரையில் வரதன் பேர்.

“பாத்தீங்களா அண்ணாச்சி! செத்தவர் பேர்ல திருட்டுத்தனம்! இன்னாக்கா, எந்தக் கம்பெனிக்கு நம்ம பேப்பரை விக்கிறே?”

சத்தம் கேட்டு, சாப்பிட்ட கையோடு பத்துப் பேர் வந்து நின்றார்கள்.

ஹில்டா அன்பரசனைப் பார்த்தாள். அவன் கை வாட்சைப் பார்த்தாள்.

“நான்தான் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில படுத்துகினு இருக்கும்போது வரதண்ணன்தான் பாஸ்வேர்டு குடுத்துச்சு.”

“எதுக்கு?”

அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி மூன்று தடவை கேட்டுப் பார்த்தார்.

“சரி. நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

“போறதுக்கு முன்னால பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போ,” என்றான் அன்பரசன். எழுதி வாங்க அவசியமே இல்லை, அந்த ஐடியை மூட அவனுக்கு இரண்டு தட்டு போதும். ஆனால் பத்துப் பேர் பார்க்கிறார்களே.

எழுதி, மடித்து, அவன் கையில் கொடுத்தாள்.

“மாசா மாசம் மாத்தச் சொன்னியே நைனா, ஒழுங்கா மாத்தினு வந்தேன். இந்த ஆபீஸ்ல உன் பேச்சைக் கேட்டவ நான் ஒருத்திதான்.”

டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சர்வர் ரூமில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தான். இங்கிலீஷ் எழுத்தில் ‘அன்புமறந்துட்டான்’, பின்னால் இரண்டு எண்.

“திமிரைப் பாரு!”

என்னத்தைத் திருடினாள் என்று, யார் எப்போது என்ன செய்தார்கள் என மாடிப் பெட்டியில் பதிவாகியிருக்கும் லாகைத் திறந்தான். தினம் ஒண்ணேகால் மணி. ஆபீஸ் பைல்கள் எல்லாம் சர்வரிலிருந்து மாடிப் பெட்டிக்குக் காப்பி. வெளியே ஒரு எழுத்துகூடப் போகவில்லை.

டிசம்பருக்குப் போனான். புயலுக்கு முந்தின நாள், ஒண்ணேகால் மணி. அதே ஐடி. அதே காப்பி.

அது அவன் செய்ய வேண்டிய வேலை. தினம் அந்த நேரத்துக்கு அவன் காசிமேட்டுப் பக்கம் வஞ்சிரம் வறுவலோடு உட்கார்ந்திருப்பான். புயலன்று பேக்கப் முழுசாக இருந்ததைப் பார்த்து அவனே அசந்துபோனான். ‘மிஷினே தானா எடுத்துக்கும் போல’ என்று வாட்சுக்குக் கையை நீட்டினான்.

மாடிப் பெட்டியைத் தொட அவனை விட்டால் வரதன் ஐடிக்குத்தான் அனுமதி. “எனக்கும் குடேன்ப்பா, நீ மறந்தா நான் எடுத்து வெக்கிறேன்” என்று ஹில்டா இரண்டு தடவை கேட்டாள். “டைப் அடிக்கிற வேலையைப் பாருக்கா” என்று விரட்டியது அவன்தான்.

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். நல்லவேளை, பஸ் வரவில்லை.

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா அண்ணாச்சி உன் சீட்டைத்தான் கிழிச்சிருப்பாரு. எனக்கு டைப்பிங் தெரியும், எங்க போனாலும் பொழைச்சுக்குவேன். உனக்கு இன்னா தெரியும்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவனுக்குத்தான் தலை நிமிரவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி எழுந்தே நின்று வரவேற்றார்.

“வாடே, பொறி வச்சு எலி புடிச்ச பயலே! சொல்லு, இந்தத் தடவ என்ன வேணும்?”

அன்பரசன் வாட்சைக் கழற்றி மேஜை மேல் வைத்தான்.

“இது ஹில்டாக்காவுக்கு வர வேண்டியது அண்ணாச்சி. மொதல்ல அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. பொறியெல்லாம் நான் வெக்கல. மாட்டின எலி மட்டும் நான்தான்.”