எட்டாவது குதிரை

"இதுதான் கடைசி, வாசுகி. இன்னிக்கும் வெடிச்சிருந்தா, இனிமே குதிரைய தூக்கிக்கிட்டு என் சூளப் பக்கம் வரக்கூடாது. சொல்லிட்டேன்" என்றார் சாமிக்கண்ணு, சூளை வாசலை அடைத்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவியபடி.

"வெடிச்சிருக்காதுண்ணே. நீங்க கல்ல எடுங்க."

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பத்து வருடமாகப் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவள் வாசுகி. வேப்பூர் நெடுஞ்சாலையில் புது ஹோட்டல் கட்டும் ராஜாங்கம், வாசலில் நிறுத்த இடுப்பு உயரத்தில் இரண்டு பீங்கான் குதிரைகள் கேட்டு வந்தபோது, பட்டறை முதலாளிகள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வாசுகி மட்டும், "நான் செஞ்சு தரேன்" என்றாள். ஒரு குதிரை விரிசல் இல்லாமல் வந்தால் ஆர்டர் அவளுக்கு. சொந்தப் பட்டறை போட்டுவிடலாம்.

ஏழு மாதம், ஏழு குதிரை. ஏழும் வெடித்தன. இன்றைக்கும் வராவிட்டால் சிமெண்ட் குதிரைக்குச் சொல்லிவிடுவேன் என்று ராஜாங்கமே கிளம்பி வந்து, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பேசாம சிமெண்டுக்கே சொல்லிடுங்க" என்றாள் ராஜாம்பாள். வாசுகியின் பக்கத்து வீட்டுக்காரி. அதே சூளையில் வெந்த தன் அகல்விளக்குகளை எடுத்துப்போக வந்திருந்தாள்.

"போன தடவ காது மட்டும்தாங்க்கா போச்சு."

"காது போனா என்னா, வாலு போனா என்னா? ஒடஞ்சது ஒடஞ்சதுதானேடி?"

"மொதக் குதிரைய மூணு கூடையில அள்ளிக்கிட்டுப் போனேன். அடுத்தது வயிறு. அப்புறம் கழுத்து. இப்ப காது. கொறஞ்சிக்கிட்டே வருது பாருங்க."

"கேட்டீங்களா கதைய!" ராஜாம்பாள் ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். "வெளியிலதான் இந்தச் சிரிப்பு. வூட்டுக்குப் போனதும் ஒடஞ்ச குதிரைய நடுவாசல்ல போட்டு, சுத்தியால டமால் டமால்னு நொறுக்குவா. அவ்ளோ ஆத்திரம்! மத்தியானத்துல எங்க தெருவுல ஒருத்தரு கண்ணசர முடியுதா?"

"அப்படியாம்மா?" என்றார் ராஜாங்கம், கொஞ்சம் பயத்தோடு.

வாசுகியின் கண் சூளை வாசலிலேயே இருந்தது.

கடைசிக் கல்லும் வந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. சாமிக்கண்ணு குனிந்து உள்ளே போனார்.

"என்னாண்ணே?"

உள்ளே விரல் முட்டியால் தட்டும் சத்தம். விரிசல் இருந்தால் 'டொக்'கென்று அடங்கிவிடும்.

'ணங்' என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கும் 'ணங்'.

"அடி ஆத்தி!" என்றாள் ராஜாம்பாள்.

சூளை ஆட்கள் இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளை வெளேரென்று, காது விறைக்க நின்றது குதிரை. ராஜாங்கம் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்தை, வயிற்றை, காதைத் தடவிப் பார்த்தார்.

"ஆர்டர் ஒனக்குத்தாம்மா. அடுத்ததையும் ஆரம்பிச்சிடு. ஆமா, ஒடஞ்ச ஏழும் வூட்டுலதானே கெடக்குது? அதையும் சேத்துக் குடு. ஹோட்டல் பின்னாடி மண்ணக் கொட்டி செடி வைக்கலாம்."

"ஆத்திரத்துல நொறுக்கித் தள்ளிட்டாளே, எங்க கெடக்கும்?" என்று சிரித்தாள் ராஜாம்பாள்.

"ஆத்திரம் இல்லக்கா. பச்ச மண்ணு சுருங்குது, அதான் வெடிக்குது. ஒருக்கா வெந்தது மறுபடி சுருங்காதில்ல? அதனால மொதக் குதிரைய இடிச்சு, சலிச்சு, ரெண்டாவதோட மண்ணுல கலந்தேன். ரெண்டாவத இடிச்சு மூணாவதுல கலந்தேன். நைசா இடிச்சா நிக்கல, பெருசா இடிச்சா நிக்கல. போன தடவதான் ரவ பதம் புடிபட்டுது."

வாசுகி குதிரையின் முதுகில் கை வைத்தாள்.

"ஒடஞ்ச ஏழையும் தனியா கேக்காதீங்கண்ணே. ஏழும் இதுக்குள்ளதான் நிக்குது."