காலிக் கட்டம்

“தானமா வந்த மாட்டை...” என்று மாமனார் ஏதோ சொல்வார். பல்லைப் பிடித்துப் பார்க்கணும் என்பாரா, கூடாது என்பாரா? புள்ளி சாருக்கு ஞாபகம் வரவில்லை. மாடு உதைத்துவிட்டது, அவ்வளவுதான் தெரியும்.

மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் புள்ளிவிவரம் பார்க்கிறவர், அதனால் எல்லாருக்கும் அவர் புள்ளி சார். புள்ளியியல் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ள யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த கணக்குப் பேக்கேஜ் ஒன்றை ஆறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பேச்சு பேசாத பேக்கேஜ். இன்று காலை அதைப் புதுப்பித்தார். திரையில் சிவப்பு எழுத்து:

‘34 பேரின் கட்டத்தில் எண் இல்லை. அவர்கள் யார் என்று பார்க்காமல் மேலே போக முடியாது.’

“என்னைக் கேள்வி கேக்க இவன் யாருய்யா!” மேஜையைக் குத்தினார். “ஓசில குடுத்தா இஷ்டத்துக்கு மாத்துவானா?”

போன் அடித்தது. பெரிய டாக்டர்.

“நாலு மணிக்கு மருந்துக் குழு உக்காருதுய்யா. புது மாத்திரை மூட்டுவலியைக் குறைக்குதுன்னு ஒரு வரி போதும். எல்லா வார்டுக்கும் எழுதிடலாம்.”

“இதோ சார், ஆச்சு சார்.”

போனை வைத்த வேகத்தில் எதிர் மேஜைப் பக்கம் திரும்பினார். நோயாளிகளின் தகவலைப் பதிகிற அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, முப்பத்தினாலு கட்டம் காலி! தூங்கிக்கிட்டே பதிஞ்சீங்களா?”

“அது காலி இல்ல சார். அவங்க வந்து...”

“கதை வேண்டாம்! பதியறது உங்க வேலை, பாக்கறது என் வேலை. எத்தனை தடவை சொல்றது?”

அந்த அம்மா அடுத்த படிவத்தை எடுத்தார்.

ஆத்திரம் அடங்கவில்லை. பேக்கேஜை எழுதியவனுக்கு ஒரு மின்னஞ்சலைத் தட்டினார். ‘கேட்காமல் மாற்ற உனக்கு என்ன உரிமை? தெரியாவிட்டால் வேறு தொழில் பார்.’

அனுப்பிவிட்டுப் பழைய பேக்கேஜைத் தேடி எடுத்தார். அதை ஏற்றப் போகும் நேரம் பதில் வந்து விழுந்தது.

‘ஐயா, பழையது காலி வரிகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுக் கணக்குப் போடும். தப்பு என்னுடையதுதான். ஒருவர் எழுதித்தான் எனக்கே உறைத்தது. உங்கள் மருத்துவமனைதான் என்று நினைக்கிறேன். அவர் எழுதியதைக் கீழே தருகிறேன்:

“முடிவுத் தாளின் அடியில் உங்கள் முகவரி இருந்தது. எனக்கு புரோகிராம் தெரியாது, தகவல் பதிகிறவள். நானூறு பேரைப் பதிந்தேன். சாரின் முதல் முடிவில் முந்நூற்று அறுபத்தாறு பேர்தான் இருந்தார்கள். விடுபட்ட அத்தனை பேரும் ரத்த வாந்தி எடுத்து மாத்திரையை நிறுத்தியவர்கள். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை, வலிக் கட்டம் காலியாக நின்றது. சாரிடம் இரண்டு தடவை சொல்லப் போனேன். கெட்டவர் இல்லை, கோபக்காரர். நான் சொன்னால் கேட்க மாட்டார், மெஷின் கேட்டால் பதில் சொல்வார். அதைக் கொஞ்சம் கேட்கச் செய்யுங்கள்.”’

புள்ளி சார் நிமிர்ந்து பார்த்தார். எதிர் மேஜையில் அந்த அம்மா குனிந்த தலை நிமிராமல் பதிந்துகொண்டிருந்தார்.

மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும் என்று குழுவுக்கு எழுதி, தன் பெயருக்கு மேலே அந்த அம்மாவின் பெயரைப் போட்டார்.