புல்லில் வைக்கும் கால்

சுங்கை சிப்புட் பக்கம், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட தோட்டமொன்றில், இருளப்பன் தன் வீட்டு வாசலின் சிமெண்டுத் தரையில் நடக்கிறார். காலை வெயில் அவருடைய புதுக் காலின் கறுப்பு முட்டியில் பட்டுத் தெறிக்கிறது. பட்டாளத்தில் இருந்தபோது எல்லைக் காட்டில் கண்ணிவெடி கொண்டுபோன காலுக்குப் பதிலாக, ஈப்போவிலிருந்து வந்த செயற்கைக்கால் நிறுவனத்தார் சற்றுமுன் மாட்டிவிட்ட கால் அது. ஒவ்வோர் எட்டுக்கும் உள்ளே கொசு பாடுவதுபோல மெல்லிய ஓசை. முட்டி தானே மடங்குகிறது, தானே நிமிர்கிறது. நிறுவனத்துப் பெண் ஆஃப்ஷீன் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி கூடவே நடக்கிறாள்.

"அங்கிள், உங்க நடைய அதுவே படிச்சிக்கிது லா."

அவர் மூச்சுகூட மெதுவாகத்தான் விடுகிறார். கதவருகே மனைவி குமுதா வாயில் கைவைத்து நிற்கிறாள். சிமெண்டு முடிந்து புல் தொடங்கும் இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். ஐம்பது வருடமாகப் புல்லில் பழைய கட்டைக்காலைத்தான் முதலில் வைப்பார். கேட்டால், "வெடிச்சா கட்டதான போகும்" என்பார்.

"எறங்குங்க அங்கிள், ஒன்னும் ஆவாது."

முட்டியில் வந்து உட்கார்ந்த தும்பியை அவர் குனிந்து ஊதி விரட்டுகிறார்.

"இத எப்படிம்மா முன்னால விடுறது?"

உடம்பு முழுவதையும் புதுக் காலின்மேல் நிறுத்தி, செருப்பில்லாத தன் சொந்தக் காலைத் தூக்கிப் புல்லுக்குள் வைக்கிறார்.