கீபோர்டு ஒயரின் முனையில்

சங்கரன்கோவிலில் விஜிதாவின் வீட்டுக் கீபோர்டு திடீரென்று வேலை செய்யவில்லை. மெக்கானிக் குருசாமி வந்து சிபியூவைத் திருப்பினார்.

"இது மானிட்டருக்கு, இது நெட்டுக்கு, இது கீபோர்டுக்கு. யாரும்மா இதையெல்லாம் மாட்டுனா?"

"எனக்குப் பேசி முடிச்சிருக்க மாப்பிள்ளை, அண்ணாச்சி. ராயகிரிக்காரவுக. பின்னாடி தொட்டா ஷாக் அடிக்கும்னு சொன்னாவ." அவள் முகத்தில் பெருமை. "நான் வாயைத் திறக்கவே வேண்டாம், என் மனசுல உள்ளது அவுகளுக்குத் தெரிஞ்சிரும்."

குருசாமி, கீபோர்டு ஒயரின் முனையில் இருந்த சிறு துண்டைக் கழற்றினார்.

"நீ தட்டுத ஒவ்வொரு எழுத்தையும் இது வைஃபை வழியா, மாட்டுனவனுக்கு அனுப்பிரும்மா. தோழிக்கு எழுதுனது, பாஸ்வேர்டு, எல்லாம் போகும்."

விஜிதா விரல்களைத் துப்பட்டாவில் அழுந்தத் துடைத்தாள்.

"தூக்கி எறிஞ்சிரட்டுமா?" என்றார் குருசாமி.

"வேண்டாம். திரும்ப மாட்டுங்க, பாத்துருவோம்."

அவர் இறுக்கி மாட்டியதும் கீபோர்டு இயங்கியது. வெற்றுப் பக்கத்தில் தட்டினாள்: "இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்." யாருக்கும் அனுப்பவில்லை.

சற்று நேரத்தில் போன் அலறியது. ராயகிரியிலிருந்து ஜோஷ்வா.

"ஏன் விஜி, கல்யாணம் வேண்டாம்னு சொல்லுத?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.