பெனிட்டாவின் புள்ளி

புள்ளியியல் வகுப்புக்காக நாற்பது பேரின் நாடித்துடிப்பை எண்ணிப் பெட்டி வரைபடம் வரைந்தோம். நடுப்பாதிப் பேர் பெட்டிக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் மேலும் கீழும் நீளும் கோடுகளில் வருவார்கள். அவற்றையும் தாண்டிப் போகிறவர் தனிப் புள்ளியாக நிற்பார்.

பெனிட்டாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியது நான். நூற்று முப்பத்திரண்டு.

"ஏட்டி, அத எழுதிராத. யாரப் பாத்து இப்படி அடிக்குன்னு பயலுவ ஓட்டியே கொன்னுருவானுவ."

"மறுபடி எண்ணட்டுமா?"

"மாடிப்படி ஏறி வந்தேம்லா, அதான். ஒன் நம்பரையே எனக்கும் போட்டுரு."

அவள் படியேறி வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். இருந்தும் எழுபத்தாறு என்று எழுதினேன். படம் ஒரு புள்ளிகூட இல்லாமல் அழகாக வந்தது. சார் அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார்.

மார்ச் மாதம் அதே படியில் பெனிட்டா விழுந்தாள். பிறகு எழவேயில்லை. இதயம் வெகுநாளாகவே சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நேற்று சான்றிதழ் வாங்கப் போனேன். வகுப்பில் படம் இன்னும் அங்கேயே இருந்தது. பேனாவை எடுத்து அவளுடைய இடத்தைத் தேடினேன். நாங்கள் போட்ட அளவுகோல் நூற்றுப்பத்தோடு முடிந்திருந்தது. அதற்கு மேல் தாள் இல்லை. சுவர்தான் இருந்தது.