பார்க்க வேண்டியவர்கள்

“எல்லாரும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டுங்க.” சொல்ல வேண்டியதை அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

சென்னியப்பன் தலையாட்டினார். கையில் மனைவிக்கு வாங்கி வந்த கஞ்சி, தூக்குப்போசியில் ஆறிக்கொண்டிருந்தது.

“செரீங்க டாக்டர். சனிக்கெழம வரச் சொல்லீர்றனுங்க. அன்னிக்குத்தான் எல்லாத்துக்கும் மில்லு லீவு.”

அவருக்குப் புரியவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “இன்னைக்கே வரச் சொல்லிடுங்க.”

இப்போது புரிந்தது.

அவர் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். ருக்குமணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, உடம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்து கிடந்தது. போசியைக் கீழே வைக்க இடம் தேடினார். பிறகு வைக்காமலே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முதலில் சொன்ன அந்த வாக்கியம் அவளுடையது இல்லை. முதலாமாண்டு எம்.டி. மாணவிக்குச் சொந்தமென்று எதுவும் இருப்பதில்லை, தூக்கம் உட்பட.

வார்டுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தாள். உங்கள் வீட்டுக்காரர் பிழைக்க மாட்டார் என்று. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே சரிந்தாள். அன்று மூன்றாமாண்டு ஹெப்சிபா அக்கா இவளை மருந்தறைக்குள் இழுத்துப் போய் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

“அந்த வார்த்தைய நம்ம வாயால சொல்லக் கூடாது. எல்லாரும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும்னு சொல்லு. அவங்களுக்கே புரியும்.”

எல்லா ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் சொல்வது அதைத்தான். அவளும் பழகிக்கொண்டாள். இப்போதெல்லாம் நாக்கு தடுமாறுவதில்லை.

அடுத்த கட்டிலுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஊசி உறையைப் பிரிக்கும்போது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.

தம்பி இசக்கிராஜா. தென்காசியிலிருந்து.

அப்பாவை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல், காலில் நீர். மாத்திரையில் சரியாகிவிடும் என்று நேற்றுவரை அவள்தான் எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே நிலையில் ஒருவர் இந்த வார்டில் படுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பா என்பதால் தெரியாமல் போயிற்று.

“அக்கா, அப்பா நல்லாதான் இருக்காவ. டாக்டர் இப்பதான் பாத்துட்டுப் போனாரு. எல்லாரும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும்னாரு. பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் சொல்லியாச்சு. நீ ஞாயித்துக்கிழம வந்தாப் போதும். அவசரம் ஒண்ணும் இல்ல.”

கையிலிருந்த ஊசியை அவள் தட்டில் வைத்தாள்.

“எல்லாரும் வாராவன்னு அப்பாவுக்கு ஒரே குஷி. சவரம் பண்ணி விடச் சொல்லுதாவ.”

பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பயம். சென்னியப்பனிடம் ‘இன்னைக்கே’ என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தது. தம்பியிடம் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றது.

“அப்புறம் கூப்பிடுதேன்,” என்று வைத்துவிட்டாள்.

ரத்தம் எடுத்தாள். குழாயில் பெயர் எழுதி ஒட்டினாள். கை தன்பாட்டில் வேலை செய்தது.

லீவு கிடைக்காது. அவளோடு சேர்ந்த பையன் டெங்குவில் படுத்துவிட்டான். வார்டு முழுவதும் அவள் தலையில். இந்த நேரத்தில் ஹெப்சிபா அக்காவிடம் லீவு கேட்பதும் சுவரில் போய் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். தங்கை கல்யாணத்துக்கே போய், பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தவள் அக்கா.

அக்கா நர்சுகளின் மேஜையருகில் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் ஊருக்குப் போகணும்.”

“வெளையாடுறியா?” நிமிரவே இல்லை.

“அப்பாவப் பாக்குற டாக்டர், எல்லாரும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும்னு சொன்னாராம்.”

பேனா நின்றது.

ஹெப்சிபா அக்கா ஒன்றும் கேட்கவில்லை. என்ன நோய், எந்த டாக்டர், எதுவும். இவள் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கோட்டுப் பையில் கைவிட்டு, ஆய்வகத்துக்குப் போக வேண்டிய ரத்தக் குழாய்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“கெளம்பு.”

வராந்தாவில் சென்னியப்பன் தூணோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். போசி இன்னும் கையிலேயே இருந்தது.

“ஒண்ணுமில்லீங்க. எல்லாத்தயும் பாக்கோணும்ங்கறா. சும்மாதான். பொழுதோட வந்துருங்க.”

குரலில் ஒரு பிசிறு இல்லை. அவளைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

படியில் இறங்கிக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

“லீவு கெடச்சிட்டு. இப்பமே வாரேன்.”

“என்னக்கா திடீர்னு?”

“சும்மாதாம்ல.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாவுக்கு சவரம் பண்ணிராத. நான் வந்து பண்ணி விடுதேன். அதுவரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லு.”

தம்பி அதை அப்பாவிடம் சொல்வது கேட்டது.

அப்பா சரி என்றார்.