நெற்றியில் விழுந்த கோடு

தோல் இறுகும் நோயில் முகம் பலகையாகிப்போன இந்த மூன்று வருடத்தில்தான் ஜெபக்கனிக்குப் பொறுமைசாலி என்ற பெயர் கிடைத்தது. யார் என்ன சொன்னாலும் அவள் முகம் அசையாது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தோலை இளக்கும் ஒளி சிகிச்சைப் பெட்டிக்குள் நின்றுவிட்டு வருவாள்.

முப்பதாவது தடவை வெளியே வந்ததும் கணவன் அருமைராஜ் சொன்னான்: "உன் தையல் மெஷினை எங்க அக்காவுக்குக் குடுத்துரலாம்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு தெரியும்."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். புருவங்களுக்கு நடுவே, மறந்தே போயிருந்த ஓர் இழுப்பை உணர்ந்தாள்.

"சார், பாருங்க! நெத்தி சுருங்குது!" நர்ஸ் கைதட்டினாள்.

அருமைராஜ் பார்த்தான். ஜெபக்கனி அந்தக் கோட்டைக் கலைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.